கருவில் ஆண் பெண் உறுப்புக்கள் அமையுமாறு

பிள்ளை பிறந்தது என்னும் சொல் செவியில் விழுந்த மாத்திரத்தில் "ஆணோ, பெண்ணோ?" என்று வினவாதார் யாவர்? மருத்துவச்சி ஒரு நொடிப் பார்வையில் அதற்கு விடை சொல்லிவிடுகின்றாள். ஆயினும் அவ்விடை முற்றுப்பெறக் கருப்பையினுள்ளே பல மாதங்கள் சென்றன என்பதும், முதல் ஆறு வாரமளவும் எத்துணைத் தேர்ந்த மருத்துவரும் உறுப்புக்களை நோக்கி அவ்வினாவுக்கு விடையிறுத்தல் இயலாதென்பதும் நம்மிற் பலர் எண்ணிப் பாராதவை.

இப்பொருளைக் கல்லூரி வெளியீடொன்றில் எழுதுதல் தகுமோ என்று சிலர் ஐயுறலாம். கண், காது, இதயம் முதலியன கருவில் வளருமாற்றை எழுதின் ஒருவரும் ஐயுறார். இவ்வுறுப்புக்களைப்பற்றி மட்டும் வாய்திறவாதிருத்தலாற் போந்த கேடுகளோ பல. பெண்மகவையே பெற்றாளென்று மனைவியைப் பழித்துத் தள்ளிய குடும்பங்கள் நம் நாட்டில் எண்ணிறந்தன. உறுப்பு அமைதியிற் சிறிது மாறுபாட்டுடன் பிறந்த குழந்தையை ஊரார் கண்ணிற் படாமல் மறைத்து வைத்து, மருத்துவரிடமும் காட்டாது விட்ட பெற்றோரும் உளர். ஆகலின் கூச்சத்தை ஒருபுறம் ஒதுக்கிவிட்டு, அறிஞர் கண்ட அளவில் இவ்வரலாற்றைத் தொடர்ந்து நோக்குவோம்.

பண்டை நாளில் இதுபற்றி எழுந்த கொள்கைகள் பற்பல. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் வெப்பத்தின் மிகுதி குறைவே ஆண் பெண் வேறுபாட்டுக்குக் காரணமென்றார். கருப்பையின் வலப்பக்கத்தில் ஆணும் இடப்பக்கத்திற் பெண்ணும் தங்குமென்பாரும் அந்நாட்டில் இருந்தனர். நம் ஆயுள்வேத நூலாரோ தந்தை கூறு மிகின் ஆணென்றும் தாய் கூறு மிகின் பெண்ணென்றும் கூறினர். பதினேழாம் நூற்றாண்டில் நுண்பெருக்காடி வந்தபின்னர் வேறொரு விந்தைக் கொள்கை தலையெடுத்தது. 1677-ஆம் ஆண்டில் ஆலந்து நாட்டு லீவன்ஹுக் என்பார் விந்தில் நெளியும் உயிரணுக்களைக் கண்டதாக எழுதினார். 1694-இல் ஹார்ட்சூக்கர் என்பவர் அவ்வுயிரணுவின் தலைக்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒரு சிறு மனிதன் குந்தியிருப்பதுபோல் ஒரு படமும் வரைந்து வெளியிட்டார். உறுப்புக்களெல்லாம் முன்னரே சிறிதாக அமைந்து கிடக்கின்றன, கருவளர்ச்சி என்பது அவை பெரிதாதலே என்பது இக்கொள்கையின் சாரம்.

இதனை அசைத்தவர் காஸ்பர் பிரடெரிக் வோல்ப் என்னும் ஜெர்மானிய இளைஞர். 1759-ஆம் ஆண்டில், தம் இருபத்தாறாவது வயதில், கோழிக் குஞ்சின் கருவை நாள்தோறும் உடைத்துப் பார்த்து, உறுப்புக்கள் முன்னமே இருப்பனவல்ல, ஒன்றன்பின் ஒன்றாகப் புதியனவாய்த் தோன்றுவனவே என்று அவர் எழுதினார். அவர் அன்று கருவின் முதுகுப்புறத்திற் கண்ட உறுப்பும் அதன் நாளமுமே இன்று அவர் பெயரால் வழங்குகின்றன. அவருக்கு எழுபதாண்டுகட்குப் பின், 1830-இல், யோஹன்னஸ் மியூலர் என்பார் அந்நாளத்திற்கு அருகே செல்லும் வேறொரு நாளத்தை விளக்கினார். வோல்ப் நாளம், மியூலர் நாளம் என்னும் இவ்விரு பெயர்களையும் வாசிப்போர் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும். பின் வருவன பெரும்பாலும் இவற்றின் கதையே.

ஈண்டு வாரக்கணக்குக் கூறுமிடமெல்லாம் கருவுற்ற நாள் முதலாக எண்ணப்படும். மருத்துவர் இறுதி மாதவிலக்கின் முதல்நாள் தொடங்கி எண்ணுவராதலின் அவர் கணக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் மிகுந்திருக்கும்.

முதற்கண் தாயின் முட்டையும் தந்தையின் விந்தணுவும் கலக்கும் வேளையிலேயே ஒரு செய்தி முடிவாகிவிடுகின்றது. நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் 46 குரோமோசோம்கள் உள. இந்த எண்ணே 1956-ஆம் ஆண்டில்தான் சுவீடன் நாட்டில் உறுதிப்பட்டது. அதற்குமுன் 48 என்றே நூல்கள் கூறிவந்தன. இவற்றுள் ஓரிணை பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் ஆகவும், ஆணுக்கு ஓர் எக்ஸும் ஓர் ஒய்யுமாகவும் இருக்கும். முட்டையில் எப்பொழுதும் எக்ஸ் மட்டுமே உண்டு. விந்தணுவோ பாதி எக்ஸும் பாதி ஒய்யும் தாங்கி வரும். எனவே பெண்மகவு பிறந்தமைக்குத் தாயைப் பழித்தல் எவ்வாற்றானும் பொருந்தாது. அப்படியென்றால் தந்தையைப் பழிக்கலாமோ எனின், அதுவும் ஆகாது. எந்த விந்தணு முந்துமென்பது அவன் கையிலும் இல்லை. அமெரிக்காவிற் பெண்கள் கல்லூரியொன்றில் ஆசிரியையாயிருந்த நெட்டி ஸ்டீவன்ஸ் என்னும் அம்மையார் 1905-ஆம் ஆண்டில் மாவுப்புழு வண்டினைக் கொண்டு இவ்வுண்மையைக் கண்டார். அதே ஆண்டில் எட்மண்ட் வில்சன் என்பாரும் இதனைத் தனியே கண்டார். நெடுங்காலம் பாடநூல்கள் வில்சன் பெயரையே பெரிதாகச் சொல்லிவந்தமை அம்மையாருக்கு இழைக்கப்பட்ட அநீதி என்பது என் கருத்து.

ஆயினும் குரோமோசோம் வேறுபட்டாலும் உடனே உருவம் வேறுபடுவதில்லை. ஆறு வாரமளவும் இருபாற் கருவும் ஒரே வழியில் நடக்கின்றன.

நான்காம் வாரத்தில், கரு இன்னும் ஒரு நெல்லின் நீளங்கூட எய்தாதபொழுது, அதன் உடலுக்கு வெளியே தொங்கும் மஞ்சட்கருப்பையின் சுவரிற் சில பெரிய உயிரணுக்கள் தென்படும். பிற்காலத்தில் முட்டையாகவோ விந்தணுவாகவோ ஆகவேண்டியவை இவையே. பிறக்கப்போகும் சந்ததிக்கு வேண்டிய வித்துக்கள் தாம் குடியிருக்கவேண்டிய வீட்டிலே தோன்றாது வெளியே தோன்றுதல் வியப்பன்றோ? அவை தாமே ஊர்ந்து, பின்குடலின் சுவர்வழியே ஏறி, குடலைத் தாங்கும் சவ்வின் ஊடே சென்று, ஆறாம் வாரத்தில் முதுகுப்புறத்தை அடைகின்றன. அங்கே சிறுநீரக முகட்டின் உட்புறத்தில் ஐந்தாம் வாரத்திலேயே ஒரு மேடு எழுந்து இவற்றின் வரவை நோக்கியிருக்கும். வழிதவறி இடையே நின்றுவிட்ட அணுக்கள் பெரும்பாலும் அழியும். ஒருசில மட்டும் பின்னாளிற் கட்டிகளாக வளர்வதுண்டு. ஒன்றுமே வந்து சேராவிடின் அம்மேடு செவ்வனே வளராது வற்றிப்போம். வால்டையர் என்னும் ஜெர்மானியப் பேரறிஞர் 1870-இல் இவ்வித்தணுக்கள் மேட்டின் மேற்றோலிலேயே பிறக்கின்றன என்று கருதி அத்தோலுக்கு 'வித்துத்தோல்' என்னும் பொருள்படப் பெயரிட்டார். கருத்துத் தவறென்று தெளிந்த பின்னும் பெயர் மட்டும் நூல்களில் நிலைத்துவிட்டது.

இம்மேடு சிறுநீரகத்தை ஒட்டி எழுதல் தற்செயலன்று. மனிதக் கருவில் மூன்று சிறுநீரகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றும். முதலது தோன்றிய விரைவில் மறையும். இரண்டாவது சில வாரம் நின்று தொழில் செய்து பின்னர்க் குன்றும். மூன்றாவதே நம்மிடம் எஞ்சியிருப்பது. இரண்டாவதன் கழிவுநீர் செல்லும் வாய்க்காலே வோல்ப் நாளம். வீடு இடிந்தபின் அதன் வாய்க்காலை அயல்வீட்டார் பயன்படுத்திக்கொள்ளுதல்போல, அச்சிறுநீரகம் அழிந்தபின் அதன் நாளத்தை ஆண் உறுப்புக்கள் கைக்கொள்ளுகின்றன. முன்னாளில் நம் விலங்கியற் சோதனைச் சாலையில் தவளையை அறுத்துப் பயின்ற பழைய மாணாக்கர் இதனை எளிதில் உணர்வர். ஆண் தவளையிற் சிறுநீரும் விந்தும் ஒரே நாளத்தில் இன்றும் இறங்கி வருதலையும், பெண் தவளையில் வெண்மையாய்ச் சுருண்டு கிடக்கும் நீண்ட முட்டைக்குழாயையும் அவர்கள் வரைந்து காட்டியிருப்பர். முன்னது வோல்ப் நாளம். பின்னது மியூலர் நாளம். தேரையில் இன்னுமொரு புதுமை உண்டு. ஆண் தேரையின் விரைக்கு முன்னே சூலகம் போன்ற ஒரு சிறு உறுப்பு உறங்கிக் கிடக்கும். விரைகளை நீக்கிவிடின் அது விழித்தெழுந்து மெய்யான சூலகமாக வளரும்.

மியூலர் நாளம் ஆறாம் வாரத்தில் வயிற்றறையின் மேற்றோல் குழிந்து உள்வாங்குதலால் தோன்றி, வோல்ப் நாளத்தையே பற்றுக்கோடாகக் கொண்டு கீழ்நோக்கி வளரும். ஆக ஏழாம் வாரத் தொடக்கத்தில் ஒவ்வொரு கருவிலும், அஃது ஆணாகப் போவதாயினும் பெண்ணாகப் போவதாயினும், இருபாலுக்கும் பொதுவான ஓரிணைச் சுரப்பியும், ஈரிணை நாளங்களும், வெளியே ஒரு சிறு முகிழும் ஆயத்தமாய் உள்ளன.

இனி, இவ்விடத்திற் பாதை பிரிவது எதனால்? ஒய் குரோமோசோம் இருந்தால் ஆண் என்பது 1959-இல் உறுதிப்பட்டது. எக்ஸ் இரண்டுடன் ஒய் ஒன்று சேர்ந்து 47 உடையவர் ஆணாயிருத்தலையும், ஒய் இன்றி ஓர் எக்ஸ் மட்டும் உடையவர் பெண்ணாயிருத்தலையும் அவ்வாண்டிற் கண்டனர். ஆனால் ஒய் முழுவதுமா, அதன் ஒரு பகுதியா என்னும் வினா எஞ்சி நின்றது. 1990-ஆம் ஆண்டில் லண்டன் ஆராய்ச்சியாளர் அப்பகுதியைக் கண்டு எஸ். ஆர். ஒய். என்னும் மூன்றெழுத்தால் அதற்குப் பெயரிட்டனர். அடுத்த ஆண்டில், இரண்டு எக்ஸ் உடைய சுண்டெலிக் கருவினுள் அந்த ஒரு ஜீனை மட்டும் செலுத்தினர். பிறந்த எலி ஆணாயிருந்தது. விந்தணு அதற்கு உண்டாகவில்லை எனினும் விரைகளும் ஆண்குறியும் குறைவின்றி அமைந்தன.

இந்த ஜீன் ஆறு ஏழு வாரங்களுக்கிடையே விழித்தெழும். அப்பொழுது அது தூண்டிவிட்ட உயிரணுக்கள் வித்தணுக்களைச் சூழ்ந்து கயிறு கயிறாக அடுக்கி நிற்கும். இவற்றை 1865-இல் விளக்கிய இத்தாலியர் செர்ட்டோலியின் பெயரால் இவை வழங்குகின்றன. கயிறுகளின் இடைவெளியில் லேடிக் அணுக்கள் தோன்றும். இவ்வாறு விரை முதலில் உருவாகின்றது. ஏனைய ஆண் உறுப்புக்களெல்லாம் விரையின் ஏவலாலேயே அமைவன.

அந்த ஏவல் எத்தகையது என்பதை அறிந்த வரலாறு சுவையுடையது. காளைக்கன்றுடன் இரட்டையாகப் பிறந்த கிடாரி பெரும்பாலும் மலடாகும் என்பது மாடு வளர்ப்போர் நெடுங்காலமாக அறிந்த செய்தி. ஜான் ஹன்டர் என்னும் ஸ்காட்லாந்து நாட்டு மருத்துவர் 1779-இல் அத்தகைய கிடாரிகளை அறுத்து, அவற்றின் உள்ளுறுப்புக்கள் ஆணும் பெண்ணும் கலந்தனவாயிருத்தலை எழுதினார். காரணம் தெரியவில்லை. 1916-ஆம் ஆண்டில் சிகாகோ நகரத்து பிராங்க் லில்லி என்பார், இரு கன்றுகளின் நச்சுக்கொடிக் குழாய்கள் ஒன்றோடொன்று இணைந்திருத்தலைக் கண்டு, காளைக்கன்றின் குருதியிலிருந்து ஏதோ ஒரு பொருள் கிடாரியினுட் சென்று அதன் வளர்ச்சியைத் திரிக்கின்றது என்றார். மனிதரில் ஆணும் பெண்ணுமாய் இரட்டை பிறப்பின் அவ்வாறு குருதி கலப்பதில்லை, ஆதலின் அஞ்சவேண்டுவதில்லை.

அப்பொருள் யாது என்பதை ஆராயப் புகுந்தவர் பிரெஞ்சு அறிஞர் ஆல்பிரட் ஜோஸ்ட். அவர் 1947-ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனையைப் போன்று தெளிவான சோதனைகள் உயிர்நூலில் மிகச் சிலவே. தாய்முயலின் வயிற்றைத் திறந்து, கருப்பையினுள்ளே கிடக்கும் சிறு குட்டியின் சுரப்பிகளை நீக்கிவிட்டு, மீண்டும் தைத்து, கரு வளரவிட்டார். கடுகளவான ஓர் உறுப்பை, தாயும் குட்டியும் இறவாமல் எடுப்பது எத்துணைக் கைத்திறன் வேண்டுவது என்பதை அறுவை மருத்துவம் பயில்வோர் எண்ணிப் பார்க்க. சூலகத்தை நீக்கிய குட்டிகள் பெண் உறுப்புக்களுடனே வளர்ந்தன. விரையை நீக்கிய குட்டிகளும் பெண் உறுப்புக்களுடனே வளர்ந்தன! அறுவையைக் காலந்தாழ்த்திச் செய்தபொழுதோ மாறுதல் குறைந்தது. பாதை பிரிந்துவிட்டபின் திரும்புதல் இல்லை.

இதிலிருந்து ஆண் உறுப்புக்களுக்கு விரையின் சுரப்பு இன்றியமையாதது என்பது விளங்கிற்று. அது டெஸ்டாஸ்டிரோன் என்னும் ஹார்மோன்தானோ? அப்பொருள் 1935-ஆம் ஆண்டிலேயே பிரித்தெடுக்கப்பட்டிருந்தது. ஜோஸ்ட் அதன் படிகத்தைக் குட்டியின் உடலிற் பதித்துப் பார்த்தார். வோல்ப் நாளம் செழித்து வளர்ந்தது. ஆனால் மியூலர் நாளம் மறையவில்லை. ஒரே உடலில் இரண்டும் நின்றன. ஆகவே, வளர்க்கும் ஹார்மோன் ஒன்று, அழிக்கும் ஹார்மோன் வேறொன்று என்று அவர் துணிந்தார். அந்த இரண்டாவது பொருளை அவர் கண்ணாற் கண்டாரில்லை, தருக்கத்தாற் கண்டார். அவர் மாணவி நதாலி ஜோசோ பல்லாண்டு உழைத்து அதனைப் பிரித்தெடுத்தார். 1986-இல் அதன் ஜீனும் அறியப்பட்டது. இன்று அது மியூலர் எதிர் ஹார்மோன் எனப்படுகின்றது. செர்ட்டோலி அணுக்கள் அதனைச் சுரக்கின்றன.

ஆண் கருவில் எட்டாம் வாரம் முதல் நிகழ்வன இனி எளிதில் விளங்கும். எதிர் ஹார்மோன் மியூலர் நாளத்தை அழிக்கும். லேடிக் அணுக்கள் தரும் டெஸ்டாஸ்டிரோனால் வோல்ப் நாளம் நிலைபெற்று, விரையின்மேற் சுருண்டு கிடக்கும் குழாயாகவும் விந்துநாளமாகவும் விந்துப்பையாகவும் ஆகும். வெளியுறுப்புக்களுக்கும் புராஸ்டேட் சுரப்பிக்கும் டெஸ்டாஸ்டிரோன் போதாது. அவ்விடங்களில் அதனை ஒரு நொதி இன்னும் வலிய பொருளாக மாற்றித் தருதல் வேண்டும். அந்நொதி குறைந்த சிறார் பெண்போலும் வெளித்தோற்றத்துடன் பிறந்து, பூப்புக்காலத்தில் ஆண்தோற்றம் எய்துதலை டொமினிக்கன் குடியரசின் சில சிற்றூர்களிற் கண்டு 1974-இல் எழுதினர்.

பெண் கருவின் கதையை "ஒன்றும் நிகழாமையால் பெண்" என்று முடித்துவிடுவது பழைய வழக்கம். ஜோஸ்டின் முயல்களே அவ்வெண்ணத்துக்கு இடந்தந்தன. நாளங்களைப் பொறுத்தமட்டில் அது பெரும்பாலும் மெய்யே. சூலகத்தைப் பொறுத்தமட்டில் மெய்யன்று. சூலகம் அமைதற்கும், அமைந்தது விரையாகத் திரும்பாதிருத்தற்கும் தனித்தனி ஜீன்கள் இடையறாது தொழிற்படுகின்றன என்பது பின்னர்த் தெளிந்தது. வளர்ந்த எலியில் அவற்றுள் ஒன்றை அடக்கிவிட்டாற்கூடச் சூலக அணுக்கள் விரையணுக்களைப்போல் மாறத் தொடங்குகின்றன.

சூலகத்துட் புகுந்த வித்தணுக்கள் பெருகும் பெருக்கம் நம்மை மலைக்கச் செய்வது. ஐந்தாம் மாதத்தில் அவை அறுபது எழுபது இலட்சம் வரை ஆகின்றன. பின்னர் அழியத் தொடங்கிப் பிறக்கும்போது பத்து இருபது இலட்சமும், பூப்பெய்தும்போது மூன்று நான்கு இலட்சமும் எஞ்சும். அவற்றுள் முதிர்ந்து வெளிப்படுவன வாழ்நாள் முழுதும் ஏறக்குறைய நானூறே. விரையில் விந்தணு பருவம் வந்தபின் நாள்தோறும் புதிதாய் உண்டாகும். முட்டையோ தாய் தன் தாயின் வயிற்றிற் கிடந்தபொழுதே உண்டாகி, பிரிவினையைப் பாதியில் நிறுத்திப் பல்லாண்டு காத்திருக்கும். ஆகவே இதனை வாசிக்கும் ஒவ்வொருவரும் எந்த முட்டையிலிருந்து தோன்றினாரோ அம்முட்டை அவர்தம் பாட்டியின் கருப்பையில் சில மாதம் தங்கியிருந்தது.

மியூலர் நாளங்கள் இரண்டும் கீழே நடுவில் வந்து ஒன்றோடொன்று ஒட்டி, இடைச்சுவர் கரைந்து, கருப்பையாகும். ஒட்டாத மேற்பகுதிகள் சூற்குழாய்களாகும். யோனியின் மேற்பகுதியும் இவற்றாலேயே ஆவது; கீழ்ப்பகுதி சிறுநீர்ப் பாதையின் முன்னோடியான குழியிலிருந்து எழுவது. ஒட்டுதல் குறையின் இரட்டைக் கருப்பையும், சுவர் கரையாவிடின் நடுத்தடுப்புடைய கருப்பையும் அமையும். இவர்களிற் பலர் கருச்சிதைவு நேர்ந்து மருத்துவரிடம் செல்லும்வரை தம் நிலையை அறியார். நாளமும் சிறுநீரகமும் ஒரே மேட்டிற் பிறந்தவையாதலின், கருப்பையின் ஒருபாதி இல்லாதவர்க்கு அப்பக்கத்துச் சிறுநீரகமும் இல்லாதிருத்தல் உண்டு. இதனை நோக்காது அறுவை செய்தல் தவறு. ஏறக்குறைய ஐயாயிரம் பெண்களில் ஒருவர்க்குச் சூலகம் செவ்வனே இருக்க, கருப்பை முழுதும் அமைவதில்லை. அத்தகைய பெண்ணொருவர் முதியவரொருவர் ஈந்த கருப்பையைப் பெற்று, 2014-ஆம் ஆண்டிற் சுவீடனில் ஆண்மகவொன்றை ஈன்றார்.

இவ்விடத்தில் ஒரு கசப்பான வரலாற்றையும் சொல்லாது விடுதல் தகாது. 1938-இல் செயற்கையாக ஆக்கப்பட்ட டையெதில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்னும் மருந்தைக் கருச்சிதைவு நேராதிருக்கவென்று கருவுற்ற பெண்களுக்கு, அமெரிக்காவிலே சிறப்பாக, அளவின்றிக் கொடுத்துவந்தனர். அதனால் ஒரு பயனும் இல்லை என்று சிகாகோவில் நடந்த சோதனை 1953-ஆம் ஆண்டிலேயே காட்டிற்று. எனினும் கொடுத்தல் நிற்கவில்லை. 1971-இல் பாஸ்டன் மருத்துவர்கள், இளம்பெண்களிடம் காணுதற்கரிய யோனிப் புற்றுநோயொன்று சிலரிடம் ஒருசேரத் தோன்றியதை ஆராய்ந்து, அவர்களிற் பெரும்பாலார் கருவிலிருந்தபொழுது தாய்மார் இம்மருந்தை உண்டமையைக் கண்டனர். வேறு பலர்க்குக் கருப்பையின் உருவமே திரிந்திருந்தது. மியூலர் நாளம் உருவாகும் அச்சில வாரங்களில் உட்சென்ற ஒரு பொருள் இருபதாண்டுக்குப் பின் தன் வேலையைக் காட்டிற்று. கருவுற்ற மகளிர் மருத்துவர் சொல்லாத மருந்தை உண்ணலாகாதென்று கூறுவதன் பொருள் இது. மருத்துவர் சொல்லும் மருந்தையும் ஆராய்ந்தே சொல்ல வேண்டும் என்பதும் இதிலடங்கும்.

வெளியுறுப்புக்கள் ஒன்பதாம் வாரம் வரை இருபாலுக்கும் ஒன்றேபோல் இருக்கும். நடுவே ஒரு முகிழ், அதன் கீழே இரு மடிப்புக்கள், அவற்றுக்கப்பால் இரு புடைப்புக்கள். ஆணில் முகிழ் நீண்டு ஆண்குறியாகும். மடிப்புக்கள் ஒன்றுசேர்ந்து சிறுநீர்ப் பாதையை மூடும். புடைப்புக்கள் இணைந்து விரைப்பையாகும். தைத்த துணியின் தையற்கோடுபோல் ஆண்களின் உடலில் இன்றும் காணப்படும் நடுக்கோடு அவ்விணைப்பின் வடுவே. பெண்ணில் முகிழ் சிறிதாய் நின்றுவிடும். மடிப்பும் புடைப்பும் பிரிந்தபடியே உள்ளிதழ்களும் வெளியிதழ்களும் ஆகும். மூடுதல் முற்றாவிடின் ஆண்மகவின் சிறுநீர்த்துளை நுனியில் அமையாது அடிப்புறத்தில் அமையும். ஏறக்குறைய முந்நூறு ஆண்மகவில் ஒன்றுக்கு இந்நிலை உண்டு. இதனைச் சீர்செய்ய முன்தோல் வேண்டப்படுமாதலின், அத்தகைய குழந்தைக்கு விருத்தசேதனம் செய்துவிடலாகாது.

விரை தோன்றுவது அடிவயிற்றின் மேற்புறத்தே, சிறுநீரகத்தின் அருகில் என்றோம். அதற்குக் குருதி தரும் நாடி இன்றும் சிறுநீரக நாடியின் சற்றுக் கீழே பெருநாடியிற் கிளைத்து நெடுந்தூரம் இறங்கி வருதல் அதன் பிறந்த ஊரைக் காட்டும். சிறுநீரகக் கல்லால் வரும் வலி விரையிலும் உணரப்படுதற்கு நரம்புகளின் இப்பழைய உறவே காரணம். ஏழாம் மாதமளவில் அது கவட்டுக்கால்வாய் வழியே இறங்கிப் பையை அடையும். யானைக்கோ வாழ்நாள் முழுதும் வயிற்றினுள்ளேயே இருக்கும். நிறைமாதத்திற் பிறந்த ஆண்மகவு நூற்றுக்கு ஏறக்குறைய மூன்றுக்கும், குறைமாதத்திற் பிறந்தவற்றுள் இன்னும் மிகப் பலவற்றுக்கும் பிறக்கும்போது விரை இறங்கியிராது. முதற் சில மாதங்களிற் பல தாமே இறங்கிவிடும். ஆறு மாதமாகியும் இறங்காவிடின் மருத்துவரிடம் காட்டி, ஒன்றரை வயதுக்குள் அறுவையால் இறக்குவித்தல் முறை. "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று பள்ளிப்பருவம் வரை விட்டுவிடுதலால் மகப்பேற்று வன்மை குன்றுவதும் புற்றுநோய்க்கு இடமாவதும் உண்டு.

இதுகாறும் கூறியவற்றை அறிந்தோர்க்கு, ஆண் பெண் என்று எளிதிற் சொல்லவியலாத குழந்தை பிறத்தல் மாயமாகத் தோன்றாது. இரு எக்ஸ் உடைய பெண்கருவிற் சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பி ஒரு நொதிக்குறையால் ஆண் ஹார்மோனை மிகுதியாகச் சுரப்பின், வெளியுறுப்பு ஆண்போல் தோன்றும். எதிர் ஹார்மோன் இன்மையால் உள்ளே கருப்பை குறைவின்றி இருக்கும். ஒய் உடைய கருவில் டெஸ்டாஸ்டிரோன் சுரந்தும் உடல் அதனை ஏற்காவிடின், வெளித்தோற்றம் முழுதும் பெண்ணாயிருக்கும். எதிர் ஹார்மோன் தன் தொழிலைச் செய்துவிட்டமையால் உள்ளே கருப்பை இராது. முதலிற் கூறிய நொதிக்குறை உயிருக்கே இறுதி விளைப்பது. உடலின் உப்பு வீணாகக் கழிந்து, பிறந்த இரண்டு மூன்று வாரத்திற் குழந்தை வாந்தியெடுத்துச் சோர்ந்து மடியும். பெண்மகவில் வெளியுறுப்பின் மாறுபாடு மருத்துவரை எச்சரிக்கும். ஆண்மகவிலோ அடையாளம் ஒன்றும் இராமையால் வயிற்றுப்போக்கென்று கருதி இழந்துவிடுவர். 1950-ஆம் ஆண்டில் லாசன் வில்கின்ஸ் என்பார் கார்ட்டிசோன் கொடுத்து இந்நோயை அடக்கலாமெனக் காட்டினார். அக்குறையைப் பிறந்த சில நாளிற் குதிகாலில் எடுக்கும் ஒரு துளிக் குருதியால் அறியலாம்.

உயிருக்கு இடரில்லாத மாறுபாடுகளிலோ, வேறொரு வழக்கம் பரவியிருந்தது. குழந்தை பேசக் கற்குமுன்னரே, பெற்றோரின் நாணத்தைப் போக்கும்பொருட்டு, அதன் உறுப்பை ஆணென்றோ பெண்ணென்றோ கத்தியால் திருத்திவிடுவர். வளர்ந்தபின் அவருள்ளம் அதற்கு மாறாயிருப்பின் வெட்டியதை மீட்டல் இயலாது. சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019-ஆம் ஆண்டு ஏப்ரல் 22-ஆம் நாள் வழங்கிய தீர்ப்பில் இதனைத் தடுக்குமாறு பணித்தது. அவ்வாண்டு ஆகஸ்டில், உயிருக்கு இடர் நேரும் நிலையிலன்றிக் குழந்தைகளுக்கு இவ்வறுவை செய்யலாகாதென்று தமிழ்நாட்டு அரசு ஆணை பிறப்பித்தது.